மெடிக்கல் லீவில் இருப்பவருக்கு எந்த உதவியை எப்போது ஆரம்பிப்பது?

புகார்பிரிவு:

ஒன்பது பேர் உள்ள குழுவுக்கு நான் டீம் லீட். வாடிக்கையாளர் புகார்களை எடுத்துத் தீர்த்துவைக்கும் வேலை. பாதி நேரம் போனில் திட்டு வாங்குவது, மீதி நேரம் வாங்கிய திட்டைப் பதிவு செய்வது. குழுவில் அனுபவம் அதிகமுள்ளவர் மனச்சோர்வால் மெடிக்கல் லீவில் இருக்கிறார். காரணத்தை அவராகத்தான் என்னிடம் சொன்னார். மற்றவர்களுக்கு 'உடம்பு சரியில்லை' என்பதோடு சரி. முதலில் இரண்டு வாரத்துக்கு சர்டிபிகேட் வந்தது. அப்புறம் நீட்டித்தார்கள், மறுபடியும் நீட்டித்தார்கள். இப்போது ஆறாவது வாரம். கையில் இருக்கும் சர்டிபிகேட் இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது.

ஹெச்.ஆர். சொல்வது: "சர்டிபிகேட் முடியும்வரை போன் செய்யாதீர்கள், லீவில் இருப்பவரைத் தொந்தரவு செய்ததாக ஆகிவிடும்." என் மேலாளர் சொல்வது நேர் எதிர்: "வாராவாரம் கூப்பிட்டு எப்போது வருகிறீர்கள் என்று கேளுங்கள். விட்டால் வரவே மாட்டார்." முதல் வாரத்தில் நான் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். 'நன்றி' என்று பதில் வந்தது. அதோடு நிற்கிறது.

பக்கத்துக் குழுவில் ஒருவர் முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறேன். வந்த அன்று பூங்கொத்து, புது நாற்காலி, எல்லோரும் சுற்றி நின்று கைதட்டல். அடுத்த வாரமே முழு டார்கெட். கொஞ்ச நாளில் மறுபடி லீவில் போனவர், அப்புறம் ராஜினாமா கடிதம்தான் அனுப்பினார்.

எங்கள் நிர்வாகத்துக்கு மனசில்லாமல் இல்லை. அரை நாள் வேலை, வேலை மாற்றம், ஆலோசகர் எல்லாவற்றுக்கும் சம்மதம். எதை எந்த வாரத்தில் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 'அன்பாக இருங்கள்' வகைப் பதில்கள் வேண்டாம், ஏற்கனவே நிறையக் கிடைத்துவிட்டன.

கம்பெனி நர்ஸ்:

பல வருஷமாகத் தொழிற்சாலை மருத்துவ அறையில் உட்கார்ந்து, லீவில் போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஹெச்.ஆரும் மேலாளரும் எதிரெதிர் ஆட்கள் மாதிரி தெரிந்தாலும், நலம் விசாரிப்பதையும் வேலைக்குக் கூப்பிடுவதையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஒருவர் அந்தப் போனுக்குப் பயப்படுகிறார், இன்னொருவர் அதை வைத்து விரட்டப் பார்க்கிறார். இரண்டையும் பிரித்துவிடுங்கள். நலம் விசாரிக்கும் போன் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே போக வேண்டும். அதில் தேதி கேட்கவே கூடாது. "உங்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அடுத்து எப்போது பேசலாம், போனா மெசேஜா, நானா வேறு யாராவதா?" இவ்வளவுதான் பேச்சு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அவர் சொன்ன நாளில் சொன்ன மாதிரி கூப்பிட்டால் அது தொந்தரவு ஆகாது. ஒருவரும் கூப்பிடாமல் ஒரு மாதம் போனால் லீவில் இருப்பவர் என்ன நினைப்பார் தெரியுமா? 'என்னைக் கழித்துக்கட்டிவிட்டார்கள்.' மனச்சோர்வில் இருப்பவர் இதைக் கட்டாயம் நினைப்பார். நோயே அப்படித்தான் நினைக்கவைக்கும்.

ஆலோசகர், வேலை மாற்றம், திரும்பும் திட்டம் போன்ற கனமான உதவிகளின் கதை வேறு. அவற்றை முதல் வாரத்தில் கொட்டுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. லீவில் போகிற பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தானாகவே திரும்பிவிடுவார்கள். சாதாரண இடுப்பு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகத் தேறிவிடும். அவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே திட்டம் போட்டால் உழைப்பும் பணமும் வீண். சிலருக்கு 'எனக்கு ஏதோ பெரிசாக வந்துவிட்டது போல' என்ற பயத்தையும் அது கொடுத்துவிடும். அதற்காக ஆறு மாதம் பொறுத்திருந்து ஆரம்பித்தால், வேலையில்லாமல் இருப்பதே அதற்குள் பழகிப்போயிருக்கும். அதை உடைப்பது நோயைத் தீர்ப்பதைவிடக் கஷ்டம்.

ஆராய்ச்சிகளும் இந்த நடுப்பகுதியைத்தான் காட்டுகின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஷெர்ப்ரூக் நகரத்து ஆய்வாளர்கள் முதுகு வலியால் லீவில் இருந்த தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். லீவு ஆறு வாரத்தைத் தாண்டியதும் வேலையிடத்துக்கே போய், தொழிலாளியையும் சூப்பர்வைசரையும் சேர்த்து உட்காரவைத்து, வேலையில் எதை மாற்றலாம் என்று பார்த்தார்கள். கூடவே மருத்துவ உதவியும் கொடுத்தார்கள். இரண்டும் கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு வேகமாகத் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். மருத்துவத்தைவிட வேலையிடத்து மாற்றம்தான் அதில் கூடுதலாக உதவியது என்பதைக் கவனியுங்கள். பிற்பாடு, முதுகு வலி லீவுக்குச் செலவையும் பலனையும் கணக்கிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட ஏற்பாடுகளை ஆரம்பிக்க 8 முதல் 12 வாரம்தான் லாபமான நேரம் என்றது. அதற்கு முன் ஆரம்பித்தால், எப்படியும் தானாகவே திரும்பிவிடக்கூடியவர்களுக்கும் சேர்த்துச் செலவாகிறது.

சட்டங்களைப் பார்த்தாலும் அதே பக்கம்தான். நெதர்லாந்தில் 2002இல் வந்த சட்டப்படி, ஆறாவது வாரத்துக்குள் கம்பெனி டாக்டர் நிலைமையை ஆராய்ந்து எழுத வேண்டும், எட்டாவது வாரத்துக்குள் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும், அதற்குப் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலாளி இரண்டு வருஷம்வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளம் தர வேண்டிய நாடு அது, அக்கறை தானாக வந்துவிடும்! நார்வேயில் நான்கு வாரத்துக்குள் திட்டம், ஏழு வாரத்துக்குள் நேரில் பேச்சு. ஜெர்மனியில் பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் லீவு போனால், தொடர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிட்டு இருந்தாலும், முதலாளி கூப்பிட்டுப் பேச முன்வர வேண்டும். ஆனால் ஊழியர் சம்மதித்தால்தான் பேச்சு நடக்கும். அந்தச் சம்மதம் முக்கியம்.

ஆகவே நீங்கள் இருப்பது சரியான வாரத்தில்தான். எட்டாவது வாரக் கடைசியில் சர்டிபிகேட் முடியும்வரை காத்திருந்து, அவர் வாசலில் வந்து நிற்கும் காலையில் யோசிக்க ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன கணக்கெல்லாம் பெரும்பாலும் முதுகு, மூட்டு வலிக்காரர்களை வைத்துப் போட்டது. மனச்சோர்வுக்கு அதே நாள்கணக்கு அப்படியே பொருந்தாது. மாத்திரை வேலை செய்யத் தெரிவதற்கே சில வாரம் ஆகும், பலருக்கு முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் திட்டம் பேசினால் அந்த ஆள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஒன்றும் மனசில் ஏறியிருக்காது. இன்னொன்று, முகம் தெளிந்துவிட்டது, சிரித்துப் பேசுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மனநிலை தேறிய பிறகும் கவனம், ஞாபகம், சட்டென்று முடிவெடுப்பது எல்லாம் பின்தங்கியே வரும். உங்கள் வேலையில் இந்த மூன்றும்தானே முதலீடு? கோபமாகக் கத்துகிறவரின் போனை எடுத்து, பேசிக்கொண்டே பழைய பதிவைத் தேடி, அங்கேயே ஒரு பதில் சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் எழுத்தில் வரும் புகார்களைக் கொடுங்கள், அவசரம் இல்லாதவற்றை. போன் பிற்பாடு.

முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் வரட்டும் என்று சொல்லுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதுவே பல பேரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடுகிறது. பிரிட்டனில் 2010இல் சர்டிபிகேட் முறையையே இதற்காக மாற்றினார்கள். 'வேலைக்குத் தகுதியில்லை' என்பதோடு 'சில ஏற்பாடுகள் இருந்தால் தகுதி இருக்கலாம்' என்றும் டாக்டர் குறிக்கலாம். படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, இடத்தில் மாற்றம் என்று டிக் செய்ய நான்கு கட்டங்கள் அந்தத் தாளிலேயே இருக்கும். பின்லாந்தில் 2007 முதல் பகுதி நேரம் வேலை, மீதிக்கு நோய்க்கால உதவித்தொகை என்று சட்டப்படியே வழியுண்டு. உங்கள் ஊழியரின் டாக்டர் 'ஃபிட்', 'அன்ஃபிட்' இரண்டில் ஒன்றைத்தான் எழுதுவார் என்றால் அது அவர் தவறில்லை. உங்கள் வேலை என்னவென்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு பக்கத்தில் வேலை விவரத்தை எழுதி ஊழியர் கையில் கொடுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை போன், எதை மாற்ற நீங்கள் தயார். அதைப் பார்த்து டாக்டர் எழுதும் சர்டிபிகேட் வேறு மாதிரி இருக்கும்.

மெதுவாக:

நர்ஸ் அம்மா சொன்னதில் ஒன்றைக் கொஞ்சம் இழுத்துப் பேசணும். எல்லோரும் திரும்பி வரும் நாளுக்கு முன்னால் இருப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து நான் திரும்பியபோது, வருவதற்கு முன்பும் வந்த முதல் இரண்டு வாரமும் குறையே இல்லை. அரை நாள் வேலை, தனி அறை, யார் கண்ணிலும் பரிவு. அட்டவணைப்படி நான்காவது வாரம் முழு நாள் ஆனது. அதோடு திட்டம் முடிந்தது, கோப்பை மூடினார்கள்.

எனக்கு உண்மையாகவே கஷ்டம் ஆரம்பித்தது மூன்றாவது மாதத்தில். முதல் வாரங்களில் திரும்பி வந்த உற்சாகமே ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அது வடிந்த பிறகுதான் சோர்வு தெரிந்தது. தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை அது. கீமோ முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு மெயிலை நாலு தடவை படிப்பேன். அதற்குள் எனக்கு முடி வளர்ந்துவிட்டது, எல்லோர் கணக்கிலும் நான் குணமானவள். இனிமேல் போய் 'எனக்கு மறுபடி அரை நாள் வேண்டும்' என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. மூன்று மணிக்கு மேல் சும்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் புகார்பிரிவு நண்பருக்கு: உங்களிடம் ஆலோசகருக்கான பணம் அளவாக இருந்தால், பாதியை மூன்றாவது மாதத்துக்கு என்று எடுத்துவையுங்கள். உங்கள் பக்கத்துக் குழு நண்பர் விஷயத்திலும் பூங்கொத்து நாளில் ஒரு குறையும் இல்லை என்றுதானே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எட்டுபேரில்ஒருவன்:

எல்லாம் சரி. லீவில் போனவர் வேலையைச் செய்யும் மற்ற எட்டு பேர்? நான் அப்படிப்பட்ட எட்டு பேரில் ஒருவனாக இருந்திருக்கிறேன். எங்கள் குழுவில் லீவில் போனவரின் போனையும் ஆறு வாரம் நாங்களே சேர்த்து எடுத்தோம். 'அவர் வரட்டும், சரியாகிவிடும்' என்று சொல்லியே நாளை ஓட்டினார்கள். வந்தார். வந்தவருக்கு அரை நாள், போன் கிடையாது. குழுவின் டார்கெட் மட்டும் முழு ஆள் ஒருவர் கூடிவிட்டதாகக் கணக்கு! யார் மேல் கோபம் வரும்? திட்டம் போட்ட நிர்வாகம் மேல் வராது, எதிரில் உட்கார்ந்து அமைதியாக மெயில் பார்க்கிறவர் மேல்தான் வரும். அவருக்கும் அது புரிந்தது, பாவம். டீ குடிக்க எங்களோடு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவர் வருவதற்கு முந்தின வாரமே குழுவின் டார்கெட்டைத் திருத்துங்கள். வந்த பிறகு திருத்தினால் அது அவர் காதில் விழுந்தே தீரும்.

புகார்பிரிவு:

மூன்று பேருக்கும் நன்றி. நர்ஸ் மேடம் சொன்ன மாதிரியே, தேதி கேட்காமல் போன் செய்தேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவரே, "வருகிற திங்கட்கிழமை வந்துவிடுகிறேன், முழு நாள், போன் உட்பட எல்லாம் செய்கிறேன், எந்தச் சலுகையும் வேண்டாம்" என்கிறார். சர்டிபிகேட் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. மேலாளருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகாதா? வியாழக்கிழமை நேரில் சந்திக்கிறோம், அலுவலகத்தில் இல்லை, வெளியில்.

கம்பெனி நர்ஸ்:

வெளியில் சந்திப்பது நல்ல யோசனை.

முதலில் மற்ற இரண்டு பேருக்கும். 'மெதுவாக' எழுதியதோடு எனக்கு முழுச் சம்மதம். மருத்துவ அறையில் உட்கார்ந்திருப்பவளுக்குத் திரும்பி வந்த ஆள் மூன்றாவது மாதத்தில் கண்ணில் படுவதே இல்லை, அவர்கள் படியேறி வருவதில்லை. எட்டு பேரில் ஒருவர் சொன்னதையும் அப்படியே செய்யுங்கள், தம்பி. டார்கெட் திருத்தம் எழுத்தில் இருக்கட்டும்.

இப்போது வியாழக்கிழமை. முழு நாள் வருகிறேன் என்பவரிடம் 'வேண்டாம்' என்றும் சொல்லாதீர்கள், 'சபாஷ்' என்றும் சொல்லாதீர்கள். சர்டிபிகேட் காலம் முடியாமல், டாக்டர் சம்மதம் இல்லாமல் வேலைக்கு எடுக்க உங்களுக்கே வழியிருக்காது, அதைச் சொன்னால் போதும், நம்பிக்கை விஷயமாக ஆகாது. அந்தப் பத்து நாளில் வேலை விவரத் தாளோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் திங்கட்கிழமை வேண்டாம், உங்கள் தொழிலில் வாரத்திலேயே புகார் குவியும் நாள் அதுவாகத்தான் இருக்கும். புதன் அல்லது வியாழன் வரட்டும். இரண்டு மூன்று நாள் வேலை செய்தால் சனி, ஞாயிறு வந்துவிடும். எத்தனை மணி நேரத்தில் ஆரம்பிப்பது என்பதை அவரே சொல்லட்டும், அவர் சொல்வதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து எழுதுங்கள். ஏறுவது எளிது, ஏற்றிவிட்டு இறக்கினால் தோற்றுவிட்டதாக நினைப்பார். போன் எடுப்பதற்கு ஒரு தேதி போடுங்கள், 'உங்களுக்குத் தோன்றும்போது' என்று விடாதீர்கள். தேதி இல்லாத லைட் டியூட்டி எத்தனையோ பேருக்கு நிரந்தர லைட் டியூட்டி ஆகிப் பார்த்திருக்கிறேன். ஆளை மெல்ல ஓரங்கட்டவும் அது வசதியாகப் போய்விடுகிறது. சந்திப்புகளுக்கும் இப்போதே தேதி குறித்துவிடுங்கள்: முதல் வாரக் கடைசியில் ஒன்று, நான்காவது வாரத்தில் ஒன்று, பத்து பன்னிரண்டு வாரத்தில் ஒன்று. நன்றாக இருந்தாலும் நடக்கும் என்று முன்னாலேயே சொல்லிவைத்தால், மூன்றாவது மாதத்தில் அவர் எந்த வாயால் கேட்பது என்று தவிக்க வேண்டியதில்லை. ஒரு படி பின்னால் போவதும் திட்டத்திலேயே இருக்கிறது என்று எழுதுங்கள். குழுவிடம் என்ன சொல்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள், அவர் சொல்லும் வாக்கியத்தையே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை வியாழனுக்கு முன்னால் ஹெச்.ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வந்தால் சம்பளம் எப்படி? திடீரென்று முழு நாள் வருகிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது தன்மானம் இல்லை, சம்பளம்தான். மெடிக்கல் லீவு தீர்ந்துபோகிறதோ, பாதிச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்ட முடியவில்லையோ. அப்படி இருந்தால் நீங்கள் எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், காரணத்தையும் சொல்ல மாட்டார்.

புகார்பிரிவு:

கேட்டேன் மேடம். அவருக்குச் சம்பளத்தோடு கூடிய லீவு இந்த வெள்ளியோடு முடிகிறதாம். அதுதான் திங்கட்கிழமை. அரை நாள் வேலைக்கு விதியே கிடையாது, சர்டிபிகேட் இருந்தால் முழு லீவு, இல்லையென்றால் முழு வேலை என்று ஹெச்.ஆர். சொல்கிறது. ஆலோசகருக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து அந்த அரைச் சம்பளத்தை எட்டு வாரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். புதன்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும் போட்டிருக்கிறேன்.